விழுங்காத வைன்

“விழுங்காதை மச்சான், துப்பு!”

சொல்லி முடிப்பதற்குள் நண்பன் றெஜினோல்ட் விழுங்கிவிட்டான். “காசு குடுத்து வாங்கின சாமானைத் துப்பச் சொல்லுறியே. உனக்கு விசரே?”

அருட்பிரகாசம் தன் வாயிலிருந்ததை வாஷ் பேசினில் துப்பினான். சிவப்புக் கறை போகும்வரை குழாயைத் திறந்து விட்டான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து எழுதினான்: ‘புதன். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு. நேற்றையதைவிடத் துவர்ப்பு அதிகம். நாவற்பழ மணம்.’

யோசித்துவிட்டு ‘நாவற்பழம்’ என்பதை வெட்டினான். வகுப்பில் ஆசிரியை பிளாக்கரண்ட் என்றுதான் சொன்னார். அவன் அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதும் இல்லை.

அவன் ஒரு ஹோட்டலில் பகல் ஷிப்ட் வெயிட்டர். போன மாதம் ஒரு வாடிக்கையாளர், ஆட்டிறைச்சிக்கு எந்த வைன் பொருந்தும் என்று கேட்டார். “சிவப்பு” என்றான். எந்தச் சிவப்பு என்று கேட்டதற்கு, “நல்ல சிவப்பு” என்றான். அந்த மேசையே சிரித்தது. படித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் கோப்பை கழுவப் போ என்றார் மானேஜர். அதனால்தான் கவுன்சில் நடத்தும் மாலை நேர வைன் வகுப்பில் சேர்ந்தான். இந்த வாரம் வீட்டுப்பாடம்: நாளுக்கு ஒரு வைனைச் சுவைத்துத் துப்பி, முந்தைய நாளுடையதோடு ஒப்பிட்டு எழுத வேண்டும்.

வீடுதான் பிரச்சினை. லண்டன் ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரர் தில்லையம்பலம், அறையைத் தந்தபோதே சொல்லிவிட்டார்: “இந்த வீட்டுக்குள்ளை மச்சம் மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை.” அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வரப்போகும் அம்மாவுக்குப் பக்கத்துச் சின்ன அறையைத் தரவும் அவர் ஒருவர்தான் சம்மதித்திருந்தார்.

“துப்பினாலும் குடிச்ச மாதிரித்தானே, மச்சான்?” அருட்பிரகாசம் கவலையோடு கேட்டான்.

றெஜினோல்ட் கத்தோலிக்கன். “எங்கட சுவாமியாரைக் கேட்டுச் சொல்லுறன். ஆனா அவர் பூசையிலை வைனை ஒரு நாளும் துப்பி நான் காணேல்லை.”

கதவு தட்டப்பட்டது. போத்தல் கட்டிலுக்கடியில் போனது.

வாசலில் தில்லையம்பலம். இந்த வாரம் தினமும் வருகிறார். திங்கட்கிழமை ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டார். நேற்று விபூதி கொண்டு வந்து தந்துவிட்டு வாஷ் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னவோ மணக்குது, தம்பி.”

“வினிகர், அங்கிள். சிப்ஸுக்கு.”

“சிவப்பு வினிகரோ?”

அவருடைய கண் றெஜினோல்டின் மீசையில் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மெல்லப் படியிறங்கிப் போனார்.

“மனிசன் கண்டிட்டுது. நான் வாறன், மச்சான்” என்று றெஜினோல்ட் ஜாக்கெட்டை எடுத்தான்.

அதற்குப் பிறகு அருட்பிரகாசம் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் நடுங்கியபடி தனியாகச் சுவைத்தான். குறிப்பு மட்டும் ஒழுங்காக எழுதினான். படியில் தில்லையம்பலத்தை எதிர்கொண்டபோது தலையைக் குனிந்துகொண்டான். அவரும் இவனைப் பார்க்காமல் சுவரோடு ஒதுங்கிப் போனார். என் முகத்தைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பு என்று நினைத்தபோது அவனுக்குக் காது சுட்டது.

சனிக்கிழமை மாலை மறுபடியும் வந்தார். உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார்.

“ஒளிக்காதை. கட்டிலுக்குக் கீழை இருக்கிறதெல்லாத்தையும் எடுத்து மேசையிலை வை.”

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன.

“நான் ஒரு சொட்டும் விழுங்கேல்லை, அங்கிள். எல்லாத்தையும் துப்பினனான்.”

“தெரியும். வகுப்பிலை அப்பிடித்தானே சொல்லித் தாறவை.”

“அம்மா வாற நேரத்திலை எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடாதேங்கோ.” ஒரு போத்தலைத் தூக்கி வாஷ் பேசின் பக்கம் திரும்பினான். “இப்பவே எல்லாத்தையும் ஊத்திவிடுறன்.”

“ஊத்தாதை!”

கத்தியவர் உடனே படிப் பக்கம் திரும்பிக் காதுகொடுத்துக் கேட்டார். கீழே அவருடைய மனைவி சாமிக்கு விளக்கு வைக்கும் மணியோசை மட்டும் கேட்டது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

“நாளைக்கு மத்தியானம் ஆக்கள் வருகினம், தம்பி. எங்கட மகள் விரும்பின வெள்ளைக்காரப் பெடியன்ர தாயும் தேப்பனும். சாப்பாட்டோடை வைன் வைக்காட்டி மரியாதையில்லை எண்டு பிள்ளை அழுறாள். கடைக்குப் போனால் ஒரு சுவர் நிறையப் போத்தல். கோயில் ஆக்களிட்டை இதைக் கேட்க ஏலுமே?” மேசையைப் பார்த்தார். “கத்தரிக்காய்க் குழம்புக்கு இதிலை எது பொருந்தும்?”

அருட்பிரகாசம் தன் குறிப்புகளை எடுத்துப் புரட்டினான். பிறகுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

“நான் வகுப்புக்குப் போறது உங்களுக்கு எப்பிடித் தெரியும், அங்கிள்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.”

தில்லையம்பலம் தலையை நிமிர்த்தவில்லை.

“நானும் காசு கட்டிச் சேர்ந்தனான், தம்பி. முதல் நாள் வாசல் வரைக்கும் வந்தனான். முன் வரிசை வாங்கிலை நீ இருந்தாய், வெட்கத்திலை அப்பிடியே திரும்பி வந்திட்டன்.”