பதினெட்டு

“கொறஞ்சிருக்குங்களா?” என்று கேட்டாள் இருசம்மாள்.

மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தவள், டாக்டர் அறையிலிருந்து கணவர் வருவதைப் பார்த்ததும் இடத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

“கொறஞ்சிருக்கு. பதினெட்டு,” என்றார் கருப்பண்ணன்.

அவள் அங்கேயே நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் டெஸ்டோஸ்டிரோன் என்பதற்கு நேரே அந்தப் பதினெட்டு தடித்த எழுத்தில் இருந்தது. ஆண்களுக்கு முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். காலையில் தாளை நீட்டிய லேப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல், “கவலப்படாதீங்க சார், ஏத்துறதுக்கு மருந்து இருக்கு” என்றாள்.

அவருக்குக் கொடுத்திருந்ததோ இறக்குவதற்கான மருந்து.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி, அதை நிறுத்தினால் நோய் பட்டினி கிடந்து அடங்கும் என்று சென்ற வருடம் டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள். ஐம்பதுக்குக் கீழே வர வேண்டும் என்றார்கள். இருசம்மாளுக்கு அந்த ஐம்பது மனப்பாடம்.

சிமெண்ட் லாரி ஓட்டிய உடம்பு. நடுவழியில் தனி ஆளாக டயர் மாற்றியவர்.

ஊசிக்குப் பிறகு மார்கழிக் குளிரிலும் சட்டை நனைய வியர்த்தது. மார்பு பெண்களுக்குப் போல லேசாகப் புடைத்தது. வீட்டுக்குள்கூட அவர் சட்டையைக் கழற்றுவதில்லை. மற்ற டிரைவர்களோடு டீ குடிக்கப் போவதை நிறுத்தினார். பாயை எடுத்துப்போய் முன்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டார்.

ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பெரம்பலூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். “அப்பாவுக்குக் கொறஞ்சிடுச்சுடி” என்று அவள் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்பென்றால் கூசிப்போயிருப்பார். இன்று அவளைப் பேச விட்டார்.

போனை மடியில் வைத்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

“எது போனா என்னாங்க. ஆள வுட்டுட்டுப் போச்சே, அது போதும்.”

அவர் தலையாட்டினார்.

பஸ் ஊரைத் தாண்டி முந்திரிக் காடுகளுக்கு நடுவே போனது. வெயில் சாய்ந்திருந்தது. பல மாதமாகச் சரியாகத் தூங்காதவள், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். அவர் தனியாகப் படுக்கத் தொடங்கிய பிறகு அவள் தலை அவர்மேல் படுவது இதுதான் முதல் தடவை.

பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அசையவில்லை.

அறையில் டாக்டர் அந்தப் பதினெட்டைப் பார்த்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார், ஊசி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஆனால் நோய் இப்போது ஹார்மோன் இல்லாமலேயே வளரப் பழகிவிட்டது என்று.

போன வாரம் எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, அது புதிதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் எலும்பைக் காட்டினார்.

இடது தோள். அவள் தூங்கிக்கொண்டிருந்தது அதன்மேல்தான்.