பென்சில் எழுத்து

முதல் ஷிப்ட் முடிந்து மத்திகிரி வீட்டுக்கு வந்ததும், மனைவி சுகுணா தரும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் மாதவன் சட்டையைக் கழற்றுவார். அன்று காப்பி வரவில்லை. அவரைக் கண்டதும் அவள் எதையோ அரிசி டப்பாவுக்குள் மறைத்தாள்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடக் காதலைச் சொல்லும் தமிழ் நாவல். ஓரமெல்லாம் கன்னடத்தில் பென்சில் எழுத்து. சுகுணா கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர, படிக்கத் தெரியாது.

"எவன் குடுத்தான்?"

"பழைய புத்தகக் கடையில நானே வாங்கினேங்க."

"தமிழ் படிக்கத் தெரியாதவளுக்கு இது எதுக்கு? பொய் சொல்லாதே!"

சுகுணா அரிசி டப்பாவை மூடிவிட்டு, காப்பி போட அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் கம்பெனி கேன்டீனில், உடன் வேலை செய்யும், கன்னடம் அறிந்த வெங்கடப்பனிடம் அந்தப் புத்தகத்தை நீட்டினார். "அவளுக்குப் புரியட்டும்னு எவனோ கன்னடத்துல எழுதியிருக்கான். என்னன்னு படிச்சுச் சொல்லுப்பா."

வெங்கடப்பன் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மொதப் பக்கத்துல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் நேரா கன்னட எழுத்து இருக்குது. அப்புறம் தவிப்புன்னா என்ன, ஊடல்னா என்னன்னு அர்த்தம். கடைசியில பாரு: 'முப்பத்தஞ்சு வயசுல பத்தாங்கிளாஸ் பசங்க காதலைப் படிச்சு அழுதுட்டேன். அவருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு.'"

மாதவன் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு, புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

மாலையில் வாடகை நூலகத்தில், கம்பெனி ஆட்கள் நாலு பேர் நிற்கும்போதே உரக்கக் கேட்டார்: "பள்ளிக்கூடப் பசங்க லவ் பண்ற கதையா ரெண்டு குடுங்க."

"யாருக்குண்ணே, பொண்ணுக்கா?" என்று ஒருவன் சீண்டினான்.

"என் வீட்டுக்காரிக்கு. நேத்து அவளைத் தப்பா பேசிட்டேன். இன்னைக்கு அவ படிக்கட்டும், நான் உக்காந்து கேக்கறேன்."