தொப்பிக்கு வராத தழை

"ஓரிக்ஸ் மானுக்கு 308 துப்பாக்கியே போதும் சார். அந்தப் பெரிய 375-ஐ வண்டியிலயே விட்டுருங்க," என்றார் நமீபிய வேட்டை வழிகாட்டி ஊவே.

"பெரிய தோட்டான்னா ஒரே அடியில விழுமே?" என்றார் வேட்டைக்கு வந்த விருந்தாளி கோபஸ்.

"விழும். மானைத் துளைச்சிட்டு அந்தப் பக்கமும் போகும்."

"போகட்டுமே! அங்க வெறும் புதர்தானே? ரொம்பத்தான் பயப்படுறீங்க!"

ஊவே தொலைநோக்கியில் மானுக்குப் பின்னாலிருந்த புதரையே வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான், "சுடுங்க" என்றார்.

308 வெடித்தது, மான் சரிந்தது.

ஊவே இரண்டு தழை ஒடித்தார். வழக்கப்படி ஒன்றைக் கடைசி உணவாக மானின் வாயில் வைத்தார். மற்றது சுட்டவரின் தொப்பியில் செருக. கோபஸ் பெருமையாகத் தொப்பியை நீட்டினார்.

ஊவே அவரைக் கடந்துபோய், புதருக்குப் பின்னாலிருந்த கற்குவியல்மேல் அந்தத் தழையை வைத்தார்.

"அங்க என்ன?"

"என் தம்பி சார். மான் தடம் பாக்க இந்தப் புதருக்குப் பின்னால போயிருந்தான். அன்னைக்கு 375 என் கையில இருந்துச்சு."