இருபத்தேழு பல்லும் ஒரு சபதமும்

"டாக்டர், இந்தத் தடவையும் வாய் முழுக்கச் சிவப்புதான்!"

வெளியே காத்திருந்தவர்கள் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள், பல் டாக்டரின் உதவிப் பெண்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த டெய்லருக்கு உச்சந்தலை சூடேறியது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். பல்லில் சிவப்புச் சாயம் ஒன்றைத் தடவி, வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். அழுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் சாயம் ஒட்டிக்கொள்ளும். பொய் சொல்லித் தப்ப வழியே இல்லை.

"காலையில தேய்ச்சுட்டுத்தாம்மா வந்தேன்."

"வர்ற அன்னிக்கு மட்டும் தேய்ச்சா போதுமா? பரீட்சை அன்னிக்குப் புத்தகத்தைத் தொட்ட கதையால்ல இருக்கு!"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டாக்டர் சாது. போன இரண்டு தடவையும் இதமாகத்தான் சொல்லியிருந்தார். படுக்கப் போகும் முன் பல் தேய்க்கணும், நூலைப் பல்லால் கடித்து அறுக்கக்கூடாது என்று. டெய்லரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, கடைக்குப் போனதும் முதல் வேலையாக நூலைக் கடித்தார். நாற்பது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

டாக்டர் முன்பல் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார்.

"ஈறு ரொம்பத் தளர்ந்துபோச்சு ஐயா. ஆறு வாரம் பார்ப்போம். அதுக்குள்ள இறுகலைன்னா ரெண்டையும் எடுத்துட வேண்டியதுதான்."

"ஆறு வாரமா? இவரு ஆறு நாள் தாண்ட மாட்டாரு டாக்டர்" என்றாள் அந்தப் பெண். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கறாரு, வாயில இருக்கிற இருபத்தேழு பல்லைத் தேய்க்க உடம்பு வணங்கலை. வேணும்னா எழுதித் தர்றேன்."

டெய்லர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எழுதி வைம்மா! நானா நீயான்னு பார்த்துடலாம்!"

டெய்லர் லேசுப்பட்ட ஆள் இல்லை. தைத்துக் கொடுத்த சட்டையில் காலர் கொஞ்சம் கோணல் என்று சொன்ன மச்சானோடு பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. 'நடுவுல வழுக்கை விழுதே' என்று சொன்ன சலூன்காரர் பக்கத்துக் கடைதான். ஆனால் இவர் நாலு தெரு தள்ளிப் போய்த் தலையைக் கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிக் கடுகடுன்னு இருக்கு?"

"அங்க ஒருத்தி நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டா. அவ மூஞ்சியில கரியைப் பூசாம விடமாட்டேன்."

"விடுங்க, சின்னப் பொண்ணு. ஆனா அது சொன்னதும் நெசந்தானே? உங்களால எங்க முடியப்போகுது?"

"நீயுமா?"

அன்றைக்கே புது பிரஷ் வந்தது. சின்னக் கத்தரி ஒன்றை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கடையில் நூல் வாய்ப்பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் சிரிப்பு கண் முன்னால் வந்து நிற்கும். சட்டென்று கத்தரி கைக்கு வந்துவிடும்.

ஒருநாள் காய்ச்சல். போர்வைக்குள் முடங்கிக் கிடந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு என்ன இங்க வந்தா பார்க்கப்போகுது?"

அவ்வளவுதான். போர்வையை உதறிவிட்டுக் குளியலறைக்குள் போனார். தேய்த்த தேய்ப்பில் அடுப்படி வரை சத்தம் கேட்டது.

ஆறு வாரம் முடிந்தது. அதே நாற்காலி, அதே சாயம். கொப்பளித்துத் துப்பினார்.

வாய்க்குள் எட்டிப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "அடேங்கப்பா! ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ஈறும் நல்லா இறுகியிருக்கு. பல்லை எடுக்க வேண்டாம் ஐயா, தப்பிச்சீங்க."

டெய்லர் பல் தப்பித்ததற்குக்கூடச் சந்தோஷப்படவில்லை. நேராக அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா? எழுதித் தர்றேன்னியே, எங்க அந்தச் சீட்டு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தோத்துட்டேன் ஐயா."

டெய்லருக்கு ராஜ்ஜியத்தையே பிடித்த மாதிரி இருந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

அடுத்து வந்த அம்மா நாற்காலியில் உட்காரவே தயங்கினார். அதே உதவிப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க அக்கா. வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடலாம். தேய்க்க மறந்தா என்ன, இன்னைக்கிலேருந்து ஆரம்பிச்சுக்கலாம்."

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று டாக்டர் மேஜைக்கு வந்தார்.

"என்ன டாக்டர் இது? ஊருக்கெல்லாம் தேனு, எனக்கு மட்டும் வேப்பெண்ணெயா? எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, டெய்லர் பேரில் இருந்த அட்டையை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

டெய்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்:

'சர்க்கரை இல்லை. ரத்தக் கொதிப்பு இல்லை. இரண்டு முறை அன்பாகச் சொல்லியும் பலன் இல்லை. இவர் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னது: நல்ல வார்த்தை இவரிடம் எடுபடாது, நாலு பேர் முன்னால் சீண்டிவிடுங்கள், உங்கள் மேல் பகை வைத்துக்கொண்டாவது பல்லைக் காப்பாற்றிக்கொள்வார்.'