மறுப்பதற்கு முன்

வகுப்பறை மேசையின் குறுக்கே மாலை வெயில் பட்டையாய் விழுந்து கிடக்கிறது. இந்தப் பக்கம், வக்கீல் தொழிலை விட்டுப் படிக்க வந்த வக்கீலம்மா. அந்தப் பக்கம், அவளுடைய உயிர்த்தோழன், வகுப்பே 'தாடி' என்று கூப்பிடுபவன். அநியாயமான சட்டத்துக்கும் கீழ்ப்படிய வேண்டுமா என்று போன வாரம் இங்கே மூண்ட சண்டையிலிருந்து பேச்சில்லை. கேன்டீனில்கூடத் தனித்தனி மேசை. ஆனால் இந்தச் சட்டத் தத்துவ முதுகலை வகுப்பில் பேராசிரியையின் விதி ஒன்று உண்டு: எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக்காட்டாமல் யாரும் மறுக்கக்கூடாது. வக்கீலம்மா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடியே தொடங்குகிறாள். "தாடி சொல்றது இதுதான் மேடம். பிடிக்காத சட்டத்தை ஆளாளுக்கு மீற ஆரம்பிச்சா, முதல்ல அடிபடுறது பலமில்லாதவன்தான். அவனுக்குன்னு இருக்கிற ஒரே துணை சட்டம்." குரல் அவளையும் மீறி இளகுகிறது. நிமிர்ந்து அவனையே பார்த்துவிடுகிறாள். "அதானே சொன்னே?" தன் தாடியை உருவிக்கொண்டிருந்த அவன் விரல்கள் நிற்கின்றன. "நான் இவ்வளவு நல்லா சொல்லலியே." வகுப்பே சிரிக்கிறது. "சரி, இனி நீ மறுக்கலாம்மா" என்கிறார் பேராசிரியை. "ஒரு நிமிஷம் மேடம், எழுதிக்கிறேன்" என்று அவன் அவசரமாய் நோட்டைப் புரட்டுகிறான். பேனா மக்கர் செய்கிறது, உதறுகிறான். அவள் தன் பேனாவை வெயிலைத் தாண்டி அவன் பக்கம் உருட்டிவிடுகிறாள். "பொறுமையா எழுதிக்கோடா. அப்புறம்தானே கிழிக்கப் போறேன்."