டெமாரியஸ் படுத்துவிட்டான்

டெமாரியஸை யாரும் தொடக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே சரிந்து, புல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

அறுபதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த மைதானம் கப்சிப் ஆனது.

"கடவுளே, முழங்காலா மட்டும் இருக்கக் கூடாது," என்றார் வெண்டல். பதினெட்டு வருஷமாக எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர். மடியிலிருந்த வேகவைத்த கடலைப் பொட்டலம் கீழே கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நானும் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் மைதானம் முழுக்கச் சிவப்புத் தொப்பிகள் இறங்கியிருந்தன. தேவாலயத்தில்கூட நான் அப்படியொரு அமைதியைப் பார்த்ததில்லை.

அமெரிக்கக் கால்பந்து, ஆட்டம் முடிய நாற்பதே விநாடி. எங்கள் கல்லூரி மூன்று புள்ளி முன்னால். எதிரணி வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்து ஆடி, எங்கள் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சற்று முன்னால்தான் பந்தோடு ஓடிவந்த அவர்களுடைய தலைவனை, அந்த ஏழாம் நம்பரை, டெமாரியஸ் முட்டிச் சாய்த்தான். அதற்கு நாங்கள் போட்ட கூச்சலே இன்னும் ஓயவில்லை. அதற்குள் இப்படி.

"ஏப்ரல்ல பெரிய அணிக்காரங்க ஆள் எடுக்கப்போறாங்க, ஆர்லோ," என்றார் வெண்டல். "முதல் பத்துல இவன் பேர் இருக்குன்னு பேச்சு. எல்லாம் போச்சா?"

"வாயை வைக்காதீங்க. எந்திரிச்சிருவான்."

"மூணு வருஷத்துல ஒருநாள் தரையில கிடந்திருக்கானா? ரெண்டு விரல் ஒடிஞ்சு தொங்கினப்பவே சுத்திக் கட்டிகிட்டு ஆடினவன்யா அவன்."

மைதானத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் வழக்கப்படி ஒற்றை முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். அந்த ஏழாம் நம்பர்.

"மரியாதை தெரியாத பய," என்று பல்லைக் கடித்தேன்.

பின்வரிசையிலிருந்து எதிரணி ரசிகர், ஒரு வெள்ளைச் சட்டை, குரல் கொடுத்தார். "போதும் தம்பி, எந்திரி. மூச்சு வாங்கியாச்சுல்ல?"

வெண்டல் விருட்டென்று திரும்பினார். "இந்தாப்பா, அடிபட்டுக் கிடக்குற புள்ளையப் பார்த்துப் பேசுற பேச்சா இது?"

"அடியா? யார் அடிச்சா, காத்தா?"

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. எதிரணி வேகம் பிடித்து வரும்போது, களைத்துப்போன ஒருத்தன் 'ஐயோ, கால்' என்று படுத்து ஆட்டத்தை நிறுத்துவது சில ஊர்களில் நடக்கும். எங்கள் பியர்ல் கிரீக்கில் அதைவிடக் கேவலம் எதுவும் கிடையாது. போன வாரம் வந்த அணியில் ஒருத்தன் அப்படிப் படுத்தான். நாங்கள் போட்ட ஊளையில் அவன் நொண்ட மறந்து ஓடியே போனான்.

"எங்க புள்ள அப்படிப் படுக்காது," என்றார் வெண்டல்.

எங்கள் டாக்டர் ஓடிப்போய்க் குனிந்தார். டெமாரியஸ் தலையை மட்டும் தூக்கி என்னவோ சொன்னான். கையை நீட்டினான். அவ்வளவுதான், டாக்டர் அவனை அப்படியே விட்டுவிட்டு நடுவரைப் பார்த்து ஓடினார்.

டெமாரியஸ் எழுந்தான். முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெளிக்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்தான். நொண்டவில்லை. சும்மா ஜம்மென்று ஓடினான்.

"பார்றா, குணமாயிட்டான்," என்று பின்வரிசை சிரித்தது. "உங்க டாக்டருக்குக் கைராசி."

வெண்டல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஊ..." என்றார்.

நானும் சேர்ந்துகொண்டேன். மானம் போன ஆத்திரம். சிவப்பு மொத்தமும் சேர்ந்து தன் பிள்ளையையே பார்த்து ஊளையிட்டது. டெமாரியஸ் நிமிர்ந்தே பார்க்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அப்போது நடுவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"காயத்துக்காக ஆட்டம் நிறுத்தப்படுகிறது. காயம்பட்டவர், வெள்ளை அணி, ஏழாம் நம்பர்."

"என்னது, ஏழா?" பின்வரிசைக்காரர் எழுந்து நின்றார்.

இரண்டு பேர் அந்தப் பையனைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு, எங்கள் பெஞ்சில் போய் உட்காரப் பார்த்தான். மெல்லத் திருப்பி, கழுத்துக்குப் பட்டை போட்டு வண்டியில் படுக்க வைத்தார்கள்.

வெண்டல் காதில் எப்போதும் ரேடியோ வர்ணனை ஓடும். அவர் கையை உயர்த்தினார். "உஷ். டாக்டர்கிட்ட டெமாரியஸ் என்ன சொன்னான்னு சொல்றாங்க."

கேட்டார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"'எனக்கு ஒண்ணுமில்ல. அந்த ஏழாம் நம்பரைப் பாருங்க. என்னை அவங்க ஆளுன்னு நெனச்சுகிட்டு, எங்கிட்ட வந்து எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லிட்டுப் போறான். அடுத்த தடவையும் அவனை நான்தான் முட்டணும், இன்னொரு அடியை அவன் தாங்கமாட்டான்.'"

காதில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அங்கங்கே எழ ஆரம்பித்தார்கள். விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. சிவப்பும் வெள்ளையும் எழுந்து நின்றன. யாரும் கைதட்டவில்லை. இருபத்தொரு வயசுப் பிள்ளை, நாற்பது விநாடி மிச்சமிருக்கும்போது, தன் பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று படுத்திருக்கிறான்.

இருந்தாலும் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

"நடுவர் பக்கத்துலதானே நின்னார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எதுக்குப் படுக்கணும்?"

வெண்டல் காதிலிருந்த ரேடியோவைப் பிடுங்கினார்.

"ரெண்டு தடவை சொன்னானாம், ஆர்லோ. நாம போட்ட கூச்சல்ல அவருக்குக் கேக்கலையாம்."