யன்னல் பக்கம் திரும்பிய முகம்

நான் கூட்டித் துடைக்கும் கிளிநொச்சி அலுவலகத்தில், சுவரில் மாட்டிய, கணினிகளையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் பெட்டியின் பச்சை விளக்குகள் துடிக்கின்றன. நேற்று வெளியிலிருந்து யாரோ இணையம் வழியாக அதற்குள் நுழைந்து எல்லாக் கணினிகளின் இணைப்பையும் குலைத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து நுழைய அனுமதி பெற்றவர்களின் பட்டியலை, அந்தப் பெட்டியைப் பராமரிக்கும் கஜேந்தினி அக்கா சுருக்குகிறார். ஒன்பது பெயர்கள் அழிகின்றன. தன் பெயருக்குக் கீழே என் பெயரைத் தட்டுகிறார். "பத்தாம் ஆண்டோட நிண்டவளுக்கோ?" என்கிறார் முகாமையாளர். "ஓம் சேர். எந்த வயர் எங்க போகுதெண்டு உங்களுக்குத் தெரியுமோ? இவளுக்குத் தெரியும்." அவர் சிரித்தபடி போகிறார். "பாஸ்வேர்ட்டை நீயே போடு. எனக்கும் சொல்லாத," என்கிறார் அக்கா. பள்ளிக்கூட இடாப்பில் வெட்டப்பட்ட என் பெயர் திரையில் நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெளியே வெறும் மதில்தான். நான் முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.